கழிப்பறைக் கதவின் எடை

என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. இதை நான் ஊர் முழுக்கத் தண்டோரா போடுவதில்லை. ஆனால் அத்தானின் படகில் எனக்கு இருந்த பதவியே அதுதான் என்பதால் சொல்லாமலும் இருக்க முடியாது. ஒருவர் பாயை இழுப்பார், ஒருவர் சுக்கான் பிடிப்பார், நான் எடை. காற்று படகை ஒரு பக்கம் சாய்க்கும்போது எதிர்ப்பக்க விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார வேண்டும். படகு திரும்பினால் குனிந்து குறுக்கே ஓடி மறுபக்கம் போய் உட்கார வேண்டும். வாரமெல்லாம் டயர் கடையில் லோல்படுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இப்படி ஒரு பிழைப்பு.

அத்தான் பல் டாக்டர். என் அக்கா அவருடைய கிளினிக்கின் வரவேற்பறையில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கும் மேலாக டோக்கன் கூப்பிடுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை, புருஷனோடு எங்காவது பயணம் போக வேண்டும். பெட்டி கட்டுவாள். கட்டி முடித்ததும் யாருக்காவது தாடை வீங்கும். ஊரிலுள்ள கடைவாய்ப் பற்களெல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு என் அக்காவின் பயணத்தைக் கெடுத்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

ரொம்பத் தூரம்கூட இல்லை. எங்கள் துறைமுகத்தில் நின்றால், வானம் தெளிவாக இருக்கிற நாளில் எதிரே ஒரு தீவு தெரியும். அதன் பின்பக்கம் அலையில்லாத ஒரு குடா இருக்கிறதாம், அங்கே நங்கூரம் போட்டுப் படகிலேயே இரண்டு நாள் தங்கலாமாம். யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். தீவுக்குத்தான் தினமும் பயணிகள் கப்பல் போகிறதே, வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

"எனக்குத் தீவைப் பாக்கணும்னு இல்லடா. அவரோட போகணும்" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அத்தானுக்குப் படகுப் பித்து பிடித்தது ஒரு வக்கீலால். பல் பிடுங்க வந்த வக்கீல், பாய்மரப் படகுக் கழகத்தில் உறுப்பினர். மரத்துப்போன வாயோடு அவர் சொன்னது பாதிதான் புரிந்திருக்கும், அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. அத்தான் கழகத்தில் சேர்ந்தார். அங்கே கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. வருடக் கடைசிப் பந்தயத்தில் ஜெயிக்கிறவர் பெயரை அதில் பொறிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. சொந்தப் படகு இல்லாமல் கோப்பை இல்லை, அக்காவின் சம்மதம் இல்லாமல் சொந்தப் படகு இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே பிரான்சு தேசத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். முப்பத்து மூன்று அடிப் படகு. பந்தயமும் ஓடும், குடும்பமும் நடத்தும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நாம் கிண்டலுக்குச் சொல்லிவைத்ததை அவர்கள் படம் வரைந்து, அச்சில் வார்த்து, வெள்ளை வர்ணம் பூசி விற்கிறார்கள்.

விற்பனைக்காரன் கெட்டிக்காரன். முதலில் அத்தானை மட்டும் மேல்தளத்துக்கு அழைத்துப் போனான். நீரைக் கத்தி மாதிரி கிழிக்கிற நேர் மூக்கைக் காட்டினான். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது படகு அலைமேல் ஏறிச் சறுக்குவதற்கென்று அகலமாக விட்ட பின்புறத்தைக் காட்டினான். ஒல்லியாக வானத்தைத் தொடுகிற பாய்மரம். அடியில் ஆழமாக இறங்கும் ஒரு பலகை, அதன் நுனியில் ஈயக் குண்டு, எவ்வளவு சாய்ந்தாலும் படகை அது நிமிர்த்திவிடுமாம். இன்ஜினை நிறுத்தினால், தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளுகிற காற்றாடியின் இலைகள் குடைபோல மடிந்துகொள்ளும், தண்ணீர் தடுக்காது. அத்தான் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தார். பெற்ற பிள்ளையை அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

பிறகு அக்காவைக் கீழே அழைத்துப் போனான். தலை இடிக்காமல் நிற்கலாம். இரண்டு அடுப்பு, படகு எப்படிச் சாய்ந்தாலும் ஊஞ்சல்போல ஆடித் தன்னை நேராக்கிக்கொள்ளும், பால் சிந்தாது. இறக்கையை விரித்தால் ஆறு பேர் உட்காரும் மேஜை. மூக்குப் பக்கம் ஒரு படுக்கை, அதற்கு மேலே கண்ணாடிச் சன்னல், மல்லாந்து படுத்தால் வானம். கடைசியாக ஒரு கழிப்பறை. அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அக்கா உள்ளே போய் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் போட்டுப் பார்த்தாள். வீட்டிலும் சரி, கிளினிக்கிலும் சரி, அவள் சாத்திய எந்தக் கதவையும் யாராவது தட்டாமல் இருந்ததில்லை.

அக்கா ஒரு படகை வாங்கினாள். அத்தான் இன்னொரு படகை வாங்கினார். வந்து சேர்ந்தது ஒன்றுதான். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணங்களிலும் இது நடக்கிறது.

பந்தயத்தில் சேருமுன் படகை அளக்க வேண்டும். எல்லாப் படகும் ஒரே மாதிரி இல்லையே. அதனால் கழகத்தின் அளவுக்காரர் வந்து பார்த்து, இது வேகப் படகு, இது மெதுவான படகு என்று முடிவு செய்து, மெதுவான படகுக்குச் சலுகை நேரம் தருவார். கொஞ்சம் பிந்தி வந்தாலும் அந்த நேரத்தைக் கழித்துக் கணக்குப் போடுவார்கள். எங்கள் படகை அளக்க வந்த அன்று அக்கா அங்கே இருந்தாள். திரைச்சீலை மாட்டியிருந்தாள், பாத்திரம் அடுக்கியிருந்தாள், மெத்தைகளுக்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். ஆடும் அடுப்பில் காபி போட்டு அளவுக்காரரை அந்த மேஜையில் உட்காரவைத்துக் கொடுத்தாள். அவர் மெத்தையை அமுக்கிப் பார்த்தார், கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், இரண்டாவது காபியும் குடித்தார். இது நல்ல குடும்பப் படகு என்று சொல்லித் தாராளமாகச் சலுகை நேரம் கொடுத்துவிட்டுப் போனார். இதெல்லாம் பந்தயத்தின்போதும் உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொன்னார். அது என் காதில் விழுந்தது. அத்தானின் காதில் சலுகை நேரம் மட்டும் விழுந்தது.

அத்தான் சுக்கான் பிடிக்க, வக்கீல் பாயை இழுக்க, முதல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தோம். மறுநாளே அத்தான் கையில் குறடு எடுத்துவிட்டார். பல்லைப் பிடுங்குகிற கை சும்மா இருக்குமா? முதலில் மெத்தைகள் வீட்டுக்கு வந்தன. ஈரம் காய வேண்டுமாம். அடுத்து அடுப்பு, அதற்கு சர்வீஸ். மேஜைக்கு பாலிஷ். நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் துரு. கழற்றினேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராது. எல்லாமே சிகிச்சைக்கு வந்தவை, குணமானதும் திரும்பிவிடும். வக்கீல் இதற்கு ஒத்து ஊதினார். யாரும் கேட்காததை நாமாகப் போய்ச் சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்றார்.

கொஞ்ச நாளில் அக்காவின் வீட்டுக்குள் போனால் எனக்கே படகில் ஏறியது போலிருக்கும். ஹாலில் படகு மெத்தை, அதில் உட்கார்ந்துதான் டி.வி. பார்ப்பது. படகு மேஜையில்தான் சாப்பாடு. பால்கனியில் நங்கூரம். கடல் பயணம் கூட்டிப் போகிறேன் என்று சொன்ன மனிதர், அலுப்பில்லாமல் கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அக்கா காத்திருந்தாள். சீசன் முடியட்டும், எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தீவுக்குப் போவோம் என்று அத்தான் சொல்லியிருந்தார். சீசன் முடிந்தது. படகுக்கு அடிப்பூச்சு பூச வேண்டும் என்றார். பூசி முடிப்பதற்குள் அடுத்த சீசன் வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் கழிப்பறைக் கதவு வந்தது. கீல் சரியில்லையாம். அத்தான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தபோது நான் ஹாலில் இருந்தேன். அக்கா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். கதவைத் தூக்கிப் பார்த்துவிட்டு எவ்வளவு கனம் என்று கேட்டாள். ஆறு கிலோ என்றார்.

"ஆறு கிலோ கதவு படகுக்குப் பாரம். நூத்திப் பதினெட்டு கிலோ என் தம்பி பாரம் இல்லையா?"

அத்தான் பாடம் எடுத்தார். கதவு செத்த எடை, உள்ளே ஒரே இடத்தில் நிற்கும். மச்சான் உயிருள்ள எடை, சொன்ன பக்கம் ஓடுவான். இதைவிட மரியாதையாக என்னைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்கா கதவைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கழன்று தொங்கிய ஸ்குருக்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டாள். கதவில்லாத படகில் தன் கால் படாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.  சொந்த அக்கா, கேட்க நாதியில்லையா என்று சண்டைக்குப் போகலாம்தான். ஆனால் நானும் அந்தப் படகின் விளிம்பில் உட்கார்ந்து ஓசிக் காற்று வாங்குகிறவன்தானே. 

இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் வந்தது. காலையிலிருந்து நல்ல காற்று. உள்ளே ஒன்றுமே இல்லாததால் அலை மோதும்போதெல்லாம் படகு காலித் தகரம்போல முழங்கியது. கழிப்பறை இருந்தது, கதவுதான் இல்லை, ஆகவே யாரும் போகவில்லை. அடக்கிக்கொள்வதும் வீரனுக்கு அழகு என்றார் வக்கீல். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடி ஓடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அத்தான் ஒரு கண்ணைப் பாயிலும் ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்திலும் வைத்திருந்தார். எல்லைக்கோட்டை நான்காவதாகத் தாண்டினோம். சலுகை நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால் நாங்கள் முதல்.

அத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கை எனக்குப் பாதிதான் எட்டும், இருந்தாலும் பிடித்தார். கண்ணில் தண்ணீர். ஒரு பல் டாக்டரின் வாழ்க்கையில் கைதட்டுகிற ஆள் யார் இருக்கிறார்கள்? அழுதுகொண்டே போகிறவர்கள்தான். எனக்கும் அந்த ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வழக்கம்போல, ஜெயித்த படகை அளவுக்காரர் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்ப்பார். பார்த்த பிறகு கோப்பை.

இந்த வழக்கம் எங்களுக்குத் தெரியாது. ஐந்தாவதும் ஆறாவதுமாக வருகிறவர்களின் படகை எவன் எட்டிப் பார்த்தான்? வக்கீலுக்குத் திடீரென்று ஒரு கட்சிக்காரர் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் என்ன கட்சிக்காரரோ, ஆளைக் காணோம். அத்தான் முகம் வெளிறிப் போய் அக்காவுக்கு போன் போட்டார். என் கடை வேனை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஏற்றிவரச் சொன்னார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கதவுமா?"

"கதவும்தான்" என்றார். சரி என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்காக இத்தனை நாள் அசையாத கதவு, கோப்பைக்கு ஆபத்து என்றதும் வேன் ஏறி வருகிறது. இவளும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் கொண்டுவருகிறாளே என்று அவள் மேலும் கோபம். வேனை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். வேர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் சுமந்து இறக்கினோம். கதவு உள்ளே போன பிறகுதான் அக்கா படகில் கால் வைத்தாள். மெத்தையைப் பரப்பினோம், மேஜையை நிறுத்தினோம், அடுப்பை அதன் கொக்கியில் தொங்கவிட்டோம். கதவை நான் பிடித்துக்கொள்ள, அத்தான் கீலைப் பொருத்த, அக்கா டப்பாவிலிருந்து ஸ்குருவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசி ஸ்குரு ஏறியதும் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவசரமாக்கும் என்று நினைத்தேன்.

அளவுக்காரர் வந்தார். ஏப்பம் விட்டபடி படியிறங்கினார். அடுப்பை ஆட்டிப் பார்த்தார். மேஜையைத் தட்டிப் பார்த்தார். பழைய காபியை ஞாபகம் வைத்திருந்தார் போலிருக்கிறது, அக்கா எங்கே என்று கேட்டார். பிறகு மெத்தையை அமுக்கினார். மெத்தைக்கும் மெத்தைக்கும் நடுவே விரலில் ஏதோ தட்டுப்பட, வெளியே எடுத்தார். டி.வி. ரிமோட்.

அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். படகுக்குள் நாலா பக்கமும் டி.வி.யைத் தேடினார்.  அத்தான் மேற்கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். அளவுக்காரர் சத்தம் போடாத மனிதர். காலையில் பந்தயத்தின்போது இதெல்லாம் உள்ளேதான் இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அவருக்குப் பதில் சொல்றதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தப் படகு நாம போறதுக்கு வாங்கினதா, பந்தயத்துக்கு வாங்கினதா? சொன்னா தாழ்ப்பாளை எடுக்கறேன்."

போறதுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவும் சமாதானம், அளவுக்காரரும் சமாதானம், குடும்பப் படகில் ரிமோட் கிடந்தால் என்ன தப்பு, கோப்பையில் பெயர் ஏறிவிடும். படகை வாங்கின பொய்யே கோப்பையையும் வாங்கிக் கொடுக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொய் சொல்லித் தொலையுங்களேன் அத்தான் என்று நானே மனசுக்குள் கும்பிட்டேன். அவர் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். கையால் தள்ளினால் திறக்காது என்று இப்போதுதான் தெரிந்தவர் மாதிரி நின்றார்.

"பந்தயத்துக்கு" என்றார்.

பிறகு அளவுக்காரர் பக்கம் திரும்பினார். "காலைல இது எதுவும் இங்க இல்ல சார். எல்லாம் எங்க வீட்டு ஹால்ல இருந்துச்சு."

 பக்கவாட்டில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. அக்கா வெளியே வந்தாள். அழுதிருக்கிறாள், மூக்கு சிவந்திருந்தது. அத்தான் எதிரே வந்து நின்று, கிளினிக்கில் வெளியே வருகிறவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றார் அத்தான்.

"முதல் நாளே சொல்லியிருந்தா நான் கதவு கேட்டே இருக்க மாட்டேன். இத்தனை நாள் ஹால்ல உக்காந்து காத்திருக்கவும் மாட்டேன்" என்றாள்.

அளவுக்காரர் ரிமோட்டை மேஜைமேல் மெதுவாக வைத்தார். அன்றைக்குக் குடித்த காபி நன்றாக இருந்தது என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் கழகத்துக்குள் கைதட்டல் கேட்டது. கோப்பை வேறு யாருக்கோ போய்விட்டது. அத்தான் மெத்தையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். திட்டு விழப் போகிறது என்று நான் காத்திருந்தேன். அக்கா அவரைத் திட்டவில்லை. காற்று இப்படியே இருந்தால் இருட்டுவதற்குள் தீவுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள்.

அத்தான் தலையைத் தூக்கினார். நாளைக்குக் கிளினிக்கில் ஆள் வருவார்களே என்று அந்த நிலைமையிலும் இழுத்தார். வேனைக் கிளப்புவதற்கு முன்பே கிளினிக் வாசலில் மூன்று நாள் விடுமுறை என்று பலகை மாட்டிவிட்டு வந்ததாக அக்கா சொன்னாள். வேனில் இன்னும் ஒரு பெட்டி இருந்தது. எத்தனையோ தடவை கட்டிப் பிரித்த அதே பெட்டி. நீங்க வந்தாலும் வராட்டியும் இன்னிக்கு இந்தப் படகுல நான் தூங்கறதா இருந்தேன் என்றாள். அத்தான் எழுந்து போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார்.

நான் பழக்க தோஷத்தில் விளிம்பில் போய்க் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீ எங்கடா வர்றே? இறங்கு."

காற்று பலமாக இருக்கிறது, எடை வேண்டாமா என்று கேட்டேன். படகில்தான் ஆறு கிலோ கதவு இருக்கிறதே, அது போதும் என்றாள். இறங்கினேன்.

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். மெத்தையும் மேஜையும் நங்கூரமும் ஏறிய அந்தப் படகு தண்ணீரில் அழுந்தி, நிறைமாதக்காரி நடப்பதுபோல நிதானமாக நகர்ந்தது. துறைமுக வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு படகுகள் அதை முந்திக்கொண்டு போயின. அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார் என்று நானும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா கையில் இரண்டு டம்ளரோடு கீழேயிருந்து மேலே வந்து, நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள்.